பதினெட்டாம் நூற்றாண்டு, ஐம்பது மில்லி

(வெர்சாய் அரண்மனைத் தோட்டம், பிரான்ஸ். பாரிசில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ‘பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று ரயிலேற்றி அனுப்பிய பெற்றோர். சதாசிவம், வங்கியில் ஆடிட் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். கமலா, முப்பத்தெட்டு வருடமாக அவரையே ஆடிட் செய்பவர். அரண்மனையை அறை அறையாக நடந்து முடித்துவிட்டு, வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே தொட்டி தொட்டியாக ஆரஞ்சு மரங்கள். கமலாவுக்கு முழங்கால் வலி. அதைவிட அவசரமான இன்னொன்றும் இருக்கிறது, அது தானாக வரும்.)

கமலா: என்னங்க, பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கையை விட்டால் இந்தப் பெட்டி அகப்படுகிறது. என்ன இது?

சதாசிவம்: அதுவா... அது ஒன்றுமில்லை. காலையில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது நீ செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாயே, அப்போது...

கமலா: ஒரு வாரை மாட்டுகிற நேரத்தில் ஒரு வியாபாரத்தையே முடித்துவிட்டீர்களா? வீட்டில் கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால் ஒரு மணி நேரம்.

சதாசிவம்: சென்ட்தான் கமலா. ஆனால் சாதாரண சென்ட் இல்லை. நிஷ் பெர்ஃப்யூம் என்பார்கள். பெரிய கம்பெனிகளைப் போல ஊருக்கெல்லாம் விற்க மாட்டார்கள். கொஞ்சமாகச் செய்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள்.

கமலா: உங்களை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சதாசிவம்: தெரிந்தவர்கள் என்றால் விஷயம் தெரிந்தவர்கள்! பெட்டியைப் பார். 1780 என்று போட்டிருக்கிறதா? அந்தக் காலத்தையே பாட்டிலில் பிடித்து அடைத்திருக்கிறார்களாம். மரி அந்துவானெத் ராணி இதே தோட்டத்தில் நடந்தபோது காற்றில் என்ன வாசனை இருந்ததோ, அது.

கமலா: விலை?

சதாசிவம்: கதையைக் கேளேன், அவள் ஆஸ்திரியாவிலிருந்து இங்கே வரும்போது வயது பதினான்கு...

கமலா: விலை.

சதாசிவம்: 195.

கமலா: ரூபாயா?

சதாசிவம்: யூரோ.

(கமலா கண்ணை மூடிக்கொள்கிறார். யூரோவை ரூபாயாக்க இரண்டு சைபர் சேர்த்தால் போதும் என்று மகன் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து அவருக்கு இந்த ஊரில் நிம்மதி போயிற்று.)

கமலா: பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு! ஐம்பது மில்லிக்கு! இருமல் மருந்து வாங்கினால்கூட நூறு மில்லி தருகிறான்.

சதாசிவம்: நீ இதைக் கேள். இந்த அரண்மனைக்காரர்களே 2006-இல் மரி அந்துவானெத்தின் சென்ட்டை மறுபடி செய்ய வைத்து விற்றார்கள். அவளுக்கு சென்ட் செய்துகொடுத்தவர் ஃபார்ஜோன் என்பவர். அவர் காலத்துக் குறிப்புகளை ஒரு பெண் ஆய்வாளர் தோண்டி எடுத்தார், குர்க்ஜியான் என்கிற பெரிய கைக்காரர் கலந்து கொடுத்தார். 25 மில்லி 350 யூரோ. பக்கரா என்கிற பேர்போன கம்பெனியின் பளிங்குப் புட்டியில் கேட்டால் 8,000 யூரோ. அந்தப் பணத்தில் ராணியின் பயணப் பெட்டி ஒன்றை வாங்கி வைக்கத் திட்டம்.

கமலா: அதாவது எட்டு லட்ச ரூபாய் புட்டியை வாங்காமல் விட்டீர்கள். அதனால் நமக்கு இன்றைக்கு ஏழு லட்சத்து எண்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் லாபம்.

சதாசிவம்: அப்படிப் பார்த்தால்...

கமலா: பார்க்கவில்லை. உங்கள் ஆடிட்டில் எவனாவது இப்படிக் கணக்குக் காட்டியிருந்தால் சும்மா விட்டிருப்பீர்களா?

சதாசிவம்: சரி, முதலில் மோந்து பார். பிறகு பேசு. (மணிக்கட்டில் ஒரு தடவை அடித்து நீட்டுகிறார்.)

கமலா: ...நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லையில் நார்த்தை பூத்தால் இப்படித்தான் இருக்கும்.

சதாசிவம்: பார்த்தாயா! ஆரஞ்சுப் பூ. கீழே நிற்கிறதே அதேதான். பதினான்காம் லூயி ராஜாவுக்கு ஆரஞ்சுப் பூ என்றால் உயிர். குளிர் தாங்காத மரங்களை வைக்க 1684-இல் ஆரம்பித்து இரண்டே வருடத்தில் அந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள். இன்றைக்கும் ஆயிரத்துக்கு மேல் தொட்டி. கோடையில் வெளியே, குளிர் வந்தால் உள்ளே.

கமலா: ஊறுகாய் ஜாடியை நான் தினமும் வெயிலில் வைத்து எடுத்தால் ‘உனக்கு வேறு வேலையில்லையா’ என்கிறீர்கள்.

சதாசிவம்: இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ராஜா சின்ன வயதில் இல்லாத வாசனையெல்லாம் பூசித் தீர்த்தவர். வயதான பிறகு எந்த சென்ட் பட்டாலும் தலைவலி. ஆரஞ்சுப் பூ ஒன்றுதான் ஒத்துக்கொண்டது.

கமலா: நம் தஞ்சாவூர் சித்தப்பா இனிப்பு சாப்பிட்டுத் தீர்த்தது போல. சரி, இதோடு நின்றிருந்தால் நல்ல சென்ட்தான். மூடி வையுங்கள்.

சதாசிவம்: நிற்காது. இது டாப் நோட். ஒரு பதினைந்து நிமிடம் இருக்கும். அப்புறம் இதயம் வரும். கடைசியில் அடி.

கமலா: அடி யாருக்கு?

சதாசிவம்: வாசனையின் அடி! லேசான சரக்கு முதலில் பறந்துவிடும். நடுவில் இருப்பது அப்புறம். கனமானது அடியில் தங்கி ராத்திரி வரை வந்துகொண்டே இருக்கும். கடைக்காரப் பெண் அவ்வளவு பொறுமையாக விளக்கினாள்.

கமலா: கடையில் நின்று மோந்து பார்க்கும்போது வருவது ஒன்று, வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வருவது ஒன்று. பெண் பார்க்க வந்தபோது நீங்கள் பேசிய பேச்சு மாதிரி. எழுந்திருங்கள். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று அந்த மேப்பில் பாருங்கள், எனக்கு அவசரம்.

(இருவரும் நடக்கிறார்கள். மேப் சதாசிவத்தின் கையில் தலைகீழாக இருக்கிறது. இதை இன்னும் இருபது நிமிடத்துக்கு யாரும் கவனிக்கப் போவதில்லை.)

சதாசிவம்: நீ பாத்ரூம் என்றதும் நினைவு வந்தது. இந்த அரண்மனையில் ஆயிரக்கணக்கான பேர் புழங்கினார்கள். கழிப்பறை மட்டும் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி. பெரிய மனிதர்களுக்கு ஓட்டை போட்ட நாற்காலி இருக்கும். மற்றவர்கள் மாடிப்படிக்கு அடியில், இருட்டு நடையில், எங்கே வசதியோ அங்கே.

கமலா: கண்ணாடி மண்டபத்தில் எத்தனை கண்ணாடி என்று சொன்னீர்கள்?

சதாசிவம்: 357.

கமலா: 357 கண்ணாடி மாட்டத் தோன்றியவனுக்கு இன்னும் நாலு கக்கூஸ் கட்டத் தோன்றவில்லையா?

சதாசிவம்: ராஜாவின் ஓட்டை நாற்காலியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு பதவி இருந்தது, தெரியுமா? வெல்வெட் சட்டை, இடுப்பில் வாள். அந்தப் பதவியைப் பணம் கொடுத்து வாங்குவார்கள். ராஜா பக்கத்திலேயே நிற்கலாம் அல்லவா?

கமலா: இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஜோனல் மானேஜர் வந்தால் அவர் சூட்கேசைப் பிடுங்கிக்கொண்டு நீங்கள் ஓடவில்லையா?

சதாசிவம்: எனக்கு வாள் தரவில்லை.

கமலா: சரி, அவ்வளவு பேர் இருந்த இடத்தில் குளியலாவது ஒழுங்காக உண்டா?

சதாசிவம்: அதுதான் சிக்கல். தண்ணீர் பட்டால், அதுவும் வெந்நீர் பட்டால், தோலில் துவாரம் திறந்துகொள்ளும், அது வழியாக நோய் உள்ளே போய்விடும் என்று வைத்தியர்கள் ரொம்ப காலம் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் உடம்பைத் துணியால் துடைப்பார்கள், சட்டையை அடிக்கடி மாற்றுவார்கள். சட்டை வெள்ளையாக இருந்தால் ஆள் சுத்தம்.

கமலா: சட்டையைக் குளிப்பாட்டினார்கள்.

சதாசிவம்: மரி அந்துவானெத் காலத்தில் மாறிவிட்டது. அவள் ஒழுங்காகக் குளிப்பாள். நீளமான ஃபிளானல் கவுனைப் போட்டுக்கொண்டு தொட்டியில் உட்காருவாளாம்.

கமலா: நல்ல பெண். அவளைத்தானே கழுத்தை வெட்டினார்கள்?

சதாசிவம்: 1793-இல். குளித்ததற்காக இல்லை.

கமலா: கையைக் காட்டுங்கள். (மோந்து) என்னவோ மாறிவிட்டது. பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பவுடர் டப்பா இருக்குமே, அந்த வாசனை.

சதாசிவம்: இதயம் வந்துவிட்டது! அது ஐரிஸ் என்கிற செடியின் கிழங்கு. அந்தக் காலத்தில் தலையில் பவுடர் போடுவார்கள், படங்களில் எல்லாருக்கும் வெள்ளைத் தலையாக இருக்கிறதே, அந்தப் பவுடருக்கு இந்தக் கிழங்கைத்தான் வாசனைக்குச் சேர்ப்பார்கள். இதில் என்ன விசேஷம் என்றால், தோண்டி எடுத்தவுடன் அதில் ஒரு வாசனையும் இராது. காயவைத்து இரண்டு மூன்று வருடம் வைத்திருந்தால்தான் வரும். அதனால்தான் அநியாய விலை.

கமலா: நான் மூன்று வருடப் புளி வைத்திருந்தேன். கறுத்துவிட்டது, தூக்கி எறி என்று சொன்னது யார்?

சதாசிவம்: புளி வேறு...

கமலா: நானும் அதை ஐம்பது கிராமாகக் கட்டி, பெட்டியில் வருடம் போட்டு வைத்திருக்க வேண்டும். சரி, அந்தப் பவுடர் எதில் செய்தார்கள்?

சதாசிவம்: கோதுமை மாவுச் சத்தில்.

கமலா: கோதுமையிலா? ஜனங்கள் ரொட்டி இல்லையென்று தவித்தார்கள் என்று காலையில் அந்த கைடு சொன்னானே!

சதாசிவம்: அதேதான். 1789 அக்டோபரில் பாரிசிலிருந்து பெண்கள் ரொட்டி கேட்டு இந்த அரண்மனைக்கே நடந்து வந்தார்கள்.

கமலா: வர மாட்டார்களா? சப்பாத்தி மாவைத் தலையில் கொட்டிக்கொண்டு ஒருத்தி எதிரில் நின்றால் நானே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன், முழங்கால் வலியோடு.

(சிறிது தூரம் பேச்சில்லை. ஒரு நீரூற்று. அந்தத் தண்ணீர்ச் சத்தம் கமலாவுக்கு இப்போது நல்லதல்ல. வேகமாக நடக்கிறார். திடீரென்று நிற்கிறார்.)

கமலா: என்னங்க, பக்கத்தில் யாரோ ரசம் வைக்கிறார்கள்.

சதாசிவம்: வெர்சாயிலா?

கமலா: சத்தியமாக. சீரகத்தைப் பொடித்துப் போட்ட வாசனை. யாராவது நம் ஊர்க்காரர்கள் டிபன் கேரியரைத் திறந்திருப்பார்களோ? (சுற்றிப் பார்க்கிறார். காற்றை மோந்துகொண்டே வந்து கணவரின் மணிக்கட்டில் முடிக்கிறார்.) இங்கேதான் கொதிக்கிறது.

சதாசிவம்: (பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்) க்யூ... க்யூமென்... ஆமாம், சீரகம். இரு, இதைப் பற்றியும் அந்தப் பெண் சொன்னாள். மனித உடம்பின் கதகதப்பைக் கொண்டுவரச் சீரகம் சேர்ப்பார்களாம்.

கமலா: கதகதப்பு என்றால்?

சதாசிவம்: அதாவது... தோல்... கொஞ்சம் வியர்வை...

கமலா: குளிக்காதவன் மேல் வருகிற வாடை.

சதாசிவம்: சரித்திர உண்மை கமலா!

கமலா: பெட்டியில் மிளகு இருக்கிறதா பாருங்கள்.

சதாசிவம்: ...இருக்கிறது.

கமலா: புளி நம் வீட்டில் இருந்தது, எறிந்துவிட்டீர்கள். பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ரசம், அதுவும் பருப்பில்லாமல். மத்தியானம் மகன் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

சதாசிவம்: அவசரப்படாதே. இன்னும் அடி வரவில்லை. அங்கேதான் ராஜ சரக்கெல்லாம் இருக்கிறது. தோல், கஸ்தூரி, புனுகு, அம்பர்.

கமலா: தோல் எதற்கு?

சதாசிவம்: கையுறை. பிரான்சில் கிராஸ் என்று ஓர் ஊர், தோல் பதனிடுகிற ஊர். தோலில் அடிக்கிற நாற்றம் போகக் கையுறைக்கு வாசனை ஏற்றினார்கள். அப்படி ஆரம்பித்த தொழில்தான். 1614-லேயே கையுறைக்காரர்களுக்கு சென்ட்காரர் என்ற பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கையுறை போயிற்று, சென்ட் நின்றுவிட்டது. இன்றைக்கு சென்ட் என்றால் உலகத்துக்கே கிராஸ்தான்.

கமலா: நம் ஆம்பூரும் தோல் ஊர்தான். அவர்கள் பிரியாணி போட்டார்கள், எவ்வளவோ தேவலை. புனுகு கூடச் சரி, திருப்பதியில் பெருமாளுக்கே சாத்துகிறார்கள். கடைசியாக என்னவோ சொன்னீர்களே?

சதாசிவம்: அம்பர். அம்பர்கிரீஸ்.

(கமலா நடையை நிறுத்துகிறார். நீரூற்றைக்கூட மறந்துவிட்டார்.)

கமலா: பேப்பரில் வருகிறதே, தூத்துக்குடிக் கடற்கரையில் பிடித்தார்கள், காரில் கடத்தினார்கள், கோடிக்கணக்கில் மதிப்பு என்று... அந்தத் திமிங்கில எச்சமா?

சதாசிவம்: அதேதான். திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கடலில் வருடக்கணக்காக மிதந்து...

கமலா: அதை என் பையில் போட்டு வைத்தீர்களா! என் பையில்! 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் அது, ஜாமீன்கூடச் சுலபத்தில் கிடைக்காது என்பார்கள். சென்னை ஏர்போர்ட்டில் நாயை விட்டு மோப்பம் பிடிப்பார்கள். ‘கும்பகோணம் தம்பதி கைது’ என்று போடுவான். நம் தெருவில் எல்லார் வீட்டிலும் அதே பேப்பர்தான்.

சதாசிவம்: ஐயோ, கத்தாதே. இது அசல் இல்லை. கிளாரி சேஜ் என்று ஒரு செடி, அதிலிருந்து எடுக்கிற சரக்கை வைத்து ஃபாக்டரியில் செய்கிறார்கள். அதே வாசனை வரும், திமிங்கிலத்துக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

கமலா: உறுதியாகவா?

சதாசிவம்: உறுதியாக.

கமலா: அப்பாடா. (மூச்சு விடுகிறார். இரண்டு அடி நடக்கிறார். மறுபடி நிற்கிறார்.) அசல் இல்லையா?

சதாசிவம்: இப்போதுதானே நிம்மதி என்றாய்!

கமலா: அது சட்டத்துக்கு. இது காசுக்கு. கஸ்தூரி?

சதாசிவம்: அதுவும்... லாபில்தான். மானைக் கொல்லக் கூடாதே.

கமலா: புனுகு?

சதாசிவம்: லாப்.

கமலா: தோல்?

சதாசிவம்: தோல் வாசனையே பல சரக்கைக் கலந்து வரவழைப்பதுதான்.

கமலா: அப்படியானால் இதில் கலப்படமில்லாத அசல் எது? சீரகமா?

சதாசிவம்: ...பெரும்பாலும்.

கமலா: அந்த மேப்பைக் கொடுங்கள். (வாங்கிப் பார்க்கிறார். திருப்பிப் பிடிக்கிறார். கணவரைப் பார்க்கிறார். இந்தப் பார்வையை எழுத இங்கே இடம் போதாது.) நாம் இவ்வளவு நேரமும் பாத்ரூமுக்கு எதிர்த் திசையில் நடந்துகொண்டிருந்தோம்.

சதாசிவம்: நாம் இப்போது நிற்பது அரண்மனை வாசல் பக்கத்தில்தான். வெளியே போய்விடலாம், ஸ்டேஷன் போகும் வழியில் காபிக் கடைகள் உண்டு.

(அரை மணி நேரம் கழித்து. சந்து ஒன்றில் சின்னக் காபிக் கடை. ஒரு காபி வாங்கினால் உள்ளே போகலாம் என்று ஏற்பாடு. சதாசிவம் அந்தச் சுண்டைக்காய் அளவுக் காபியை வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கமலா உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. கதவுக்கு வெளியே இரண்டு பெண்கள் காத்திருக்கிறார்கள். கதவு திறக்கிறது. கமலா முகத்தில் கும்பாபிஷேகம் பார்த்துவிட்டு வந்த அமைதி. கையில் பாட்டில்.)

சதாசிவம்: பாட்டிலை ஏன் எடுத்துக்கொண்டு போனாய்?

கமலா: பை தோளில்தானே இருந்தது. உள்ளே காலை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். எனக்கு முன்னால் போனவர்கள் என்ன சாப்பிட்டார்களோ. மூக்கைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அப்போதுதான் உங்கள் ராணி நினைவு வந்தது.

சதாசிவம்: எத்தனை தடவை அடித்தாய்?

கமலா: நாலு மூலைக்கு நாலு. கதவுக்கு ஒன்று. மேலே இரண்டு. அப்புறம் எனக்காக ஒன்று.

சதாசிவம்: எட்டு! (பேப்பர் நாப்கினில் கணக்குப் போடுகிறார்.) ஐம்பது மில்லியில் சுமார் ஐந்நூறு தடவை. ஒரு தடவைக்கு முப்பத்தொன்பது ரூபாய். எட்டுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் கமலா!

கமலா: கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் சில்லறைக் காசோடு முடிந்திருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சரக்கு கெட்டி. நாற்றம் போன இடம் தெரியவில்லை. நீங்கள் அதைக் கையில் அடித்துக்கொண்டதுதான் தப்பு. ஒழுங்காக இடம் பார்த்து அடித்தால் ஒன்றாம் நம்பர்.

(உள்ளே போன பெண் வெளியே வருகிறாள். நேராக இவர்கள் மேசைக்கு வந்து, பாட்டிலைக் காட்டிப் பிரெஞ்சில் என்னவோ கேட்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. போனை எடுத்துப் பாட்டிலைப் படம் பிடிக்கிறாள். பின்னால் இன்னொருத்தி எட்டிப் பார்க்கிறாள்.)

சதாசிவம்: பேர் என்ன, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறாள் போலிருக்கிறது. கையைக் காட்டி ஒரு தடவை அடித்துப் பார்க்கலாமா என்கிறாள். என்ன சொல்ல?

கமலா: முப்பத்தொன்பது ரூபாய் என்று சொல்லுங்கள்.